சம்மதம் எப்போது கேட்கப்படுகிறது? செயற்கை நுண்ணறிவுப் பயிற்சியும் தென்னாப்பிரிக்கத் தமிழரின் தகவலும்

2024 செப்டம்பரில் ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஒரு சிறு அறிவிப்பு உலகம் முழுக்கச் சுற்றியது. தன் படங்களையும் பதிவுகளையும் மெட்டா நிறுவனம் செயற்கை நுண்ணறிவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்லும் சில வரிகள். அதை நகலெடுத்துத் தன் பக்கத்தில் ஒட்டிவிட்டால் பாதுகாப்பு என்று நம்பி எத்தனையோ பேர் ஒட்டினார்கள். அதற்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. கணக்குத் திறந்த அன்றே ஏற்றுக்கொண்ட நிபந்தனைகளைச் சொந்தப் பக்கத்தில் போடும் ஒரு பதிவு மாற்றாது. நிறுவனத்தில் அதைப் படித்துப் பதிவு செய்துகொள்ள ஆளும் இல்லை.

ஆனால் அந்த அறிவிப்பை ஒட்டியவர்களின் கவலை நியாயமானது. தவறு கவலையில் இல்லை, கதவில் இருக்கிறது. இல்லாத கதவைத் தட்டினார்கள். இருக்கும் கதவு எது, அது எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்பதைத் தென்னாப்பிரிக்கச் சட்டத்தை வைத்து இந்தக் கட்டுரை விளக்குகிறது. டர்பன், சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், பீட்டர்மாரிட்ஸ்பர்க் என்று பரவியிருக்கும் நம் குடும்பங்களுக்கும் கோயில் கமிட்டிகளுக்கும் தமிழ்ச் சங்கங்களுக்கும் இது நேரடியாகப் பொருந்தும்.

பயிற்சி என்றால் உள்ளே நடப்பது என்ன

செயற்கை நுண்ணறிவு மாதிரி என்பது தகவல்களை அடுக்கிவைத்த பெட்டி அல்ல. கோடிக்கணக்கான எண்களின் தொகுப்பு அது. அந்த எண்களுக்கு எடைகள் என்று பெயர். எழுத்து மாதிரிகளின் பயிற்சி இப்படி நடக்கிறது:

1. திரட்டல். இணையப் பக்கங்களைத் தானியங்கி நிரல்கள் நகலெடுக்கின்றன. காமன் க்ரால் என்ற லாபநோக்கற்ற அமைப்பு 2008 முதல் இணையத்தின் நகல்களை எடுத்து யாரும் பயன்படுத்தும்படி வெளியிட்டு வருகிறது. பெரிய மாதிரிகள் பலவற்றுக்கு அடிப்படைத் தீனி அதுதான்.

2. வடிகட்டல். குப்பையையும் ஒரே பக்கத்தின் மறுநகல்களையும் நீக்குவார்கள். ஓப்பன்ஏஐ நிறுவனம் 2020இல் வெளியிட்ட ஜிபிடி-3 மாதிரிக்காக எடுக்கப்பட்ட காமன் க்ரால் பகுதி 45 டெராபைட். வடிகட்டிய பின் 570 கிகாபைட். இந்த அளவை மனிதர் எவரும் வரிவரியாகப் பார்ப்பதில்லை. ஒரு தொலைபேசி எண்ணோ வீட்டு முகவரியோ உள்ளே போனால் கண்டுபிடிப்பதும் நிரல்தான், தவறவிடுவதும் நிரல்தான்.

3. கற்றல். எழுத்தைச் சிறு துண்டுகளாக்கி, அடுத்த துண்டு எதுவாக இருக்கும் என்று மாதிரியை ஊகிக்க விடுவார்கள். தவறும் ஒவ்வொரு முறையும் எடைகள் சற்றே திருத்தப்படும். லட்சம் கோடிக் கணக்கில் இது திரும்பத் திரும்ப நடக்கிறது.

4. மெருகேற்றல். மனிதர் எழுதிய உரையாடல்களையும், பயனர் மாதிரியோடு பேசிய பேச்சுகளையும் கொண்டு பதில் சொல்லும் விதத்தைத் திருத்துவார்கள். நீங்கள் செயற்கை நுண்ணறிவிடம் (ஏஐ) கேட்ட கேள்வி பயிற்சிக்குப் போகும் வாய்ப்பு பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான்.

மூன்றாம் படிதான் எல்லாச் சிக்கலுக்கும் வேர். சாம்பாரில் கரைந்த உப்பைத் தனியே எடுக்க முடியாததுபோல, ஒருவருடைய பதிவு லட்சக்கணக்கான எடைகளில் துளித்துளியாகக் கரைந்துவிடுகிறது. தரவுத்தளத்தில் ஒரு வரியை அழிக்கலாம். மாதிரிக்குள் அழிக்க வேண்டிய வரி என்று ஒன்று தனியாக இல்லை. நம்பகமாக நீக்க ஒரே வழி, அந்தப் பதிவு இல்லாமல் முதலிலிருந்து மீண்டும் பயிற்றுவிப்பது. பெரிய மாதிரிக்கு அதன் செலவு மலைக்க வைக்கும். மறக்கடிக்கும் உத்திகள் ஆராய்ச்சியில் உள்ளன. ஆனால் முழுதாக மறந்துவிட்டது என்று நிரூபிப்பது கடினம். அதனால் நிறுவனங்கள் வழக்கமாகச் செய்வது வாசலில் ஒரு வடிகட்டி வைப்பதுதான்: குறிப்பிட்ட பெயரோ எண்ணோ பதிலில் வந்தால் நிறுத்திவிடும். உள்ளே இருப்பது அப்படியே இருக்கும்.

கரைந்துபோனது திரும்ப வெளிவருமா என்றால், வரும். ஜிபிடி-2 மாதிரியிலிருந்து பயிற்சி வாசகங்களைச் சொல்லுக்குச் சொல் மீட்டெடுக்க முடியும் என்று ஆராய்ச்சியாளர் சிலர் 2020 டிசம்பரில் வெளியிட்ட கட்டுரையில் காட்டினார்கள். 604 வாசகங்கள் கிடைத்தன; அவற்றில் சிலவற்றில் தனிநபர்களின் பெயர்களும் தொடர்பு விவரங்களும் இருந்தன. 2023 நவம்பரில் இன்னொரு குழு சாட்ஜிபிடியிடம் ஒரே சொல்லை முடிவில்லாமல் திரும்பச் சொல்லச் சொன்னது. சிறிது நேரத்தில் அது தடம் மாறிப் பயிற்சித் தரவைக் கொட்டத் தொடங்கியது. சுமார் 200 டாலர் செலவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வாசகங்கள் மீண்டும் கிடைத்தன. அந்தக் குறிப்பிட்ட ஓட்டையைப் பின்னர் அடைத்தார்கள். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பது அன்று வெளிப்பட்டுவிட்டது.

எந்த வாசகம் அதிகம் ஒட்டிக்கொள்கிறது? திரும்பத் திரும்ப வருவது. பயிற்சித் தரவில் 10 முறை இருக்கும் வாசகம், ஒரே முறை இருப்பதைவிடச் சராசரியாக ஏறத்தாழ 1,000 மடங்கு அதிகமாக வெளிப்படுகிறது என்று 2022இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. ஓர் இரங்கல் அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இறந்தவரின் பெயர், மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் பெயர்கள், வீட்டு முகவரி, கருமாதி நடக்கும் மண்டபம், தொடர்புக்கு ஒரு கைபேசி எண். அது சமூகப் பத்திரிகையின் இணையதளத்திலும், ஈமச்சடங்கு நிறுவனத்தின் பக்கத்திலும், சங்கத்தின் ஃபேஸ்புக்கிலும், பல பொதுக் குழுக்களிலும் எழுத்து மாறாமல் வரும். இறந்தவருக்கு அஞ்சலி செலுத்தும் அன்பினால் செய்வதுதான். ஆனால் உயிரோடிருக்கும் ஒரு குடும்பம் முழுவதும் ஒரே வாசகத்தில், பல நகல்களில், இயந்திரம் நினைவில் வைத்துக்கொள்ள வாகான வடிவில் கிடக்கிறது.

பெயரை நீக்கினால் போதுமா

ஆள் தெரியாதபடி மாற்றிவிட்டோம் என்பது நிறுவனங்கள் அடிக்கடி சொல்லும் பதில். தென்னாப்பிரிக்காவில் அதைச் சோதிக்கச் சிறந்த இடம் நம் அடையாள எண்.

13 இலக்கங்கள். முதல் 6 பிறந்த ஆண்டு, மாதம், நாள். அடுத்த 4 பாலினத்தைக் காட்டும்: 5000க்குக் கீழ் என்றால் பெண், 5000 முதல் ஆண். 11ஆம் இலக்கம் குடியுரிமை: 0 என்றால் குடிமகன், 1 என்றால் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றவர். 12ஆம் இலக்கம் அபார்ட்ஹெய்ட் காலத்தில் இனப்பிரிவைக் குறித்த இடம். இப்போது அந்தப் பொருள் இல்லை. கடைசி இலக்கம் மற்ற 12 இலக்கங்களிலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்பு எண். ஆக, ஒரு படிவத்திலிருந்து பெயரை மட்டும் அழித்துவிட்டு எண்ணை விட்டால் பிறந்த நாள், பாலினம், குடியுரிமை மூன்றும் வெளிப்படையாகவே இருக்கின்றன.

எண்ணையும் எடுத்துவிட்டாலும் சிறிய சமூகத்தில் இன்னொரு தொல்லை உண்டு. சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும், ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியை, மகன் நாதஸ்வரம் வாசிப்பவர், போன வருடம் முழங்கால் அறுவை செய்துகொண்டவர் என்று எழுதினால் பெயரே வேண்டாம். அக்கம்பக்கத்தில் எல்லாருக்கும் ஆள் தெரியும். லட்சம் பேரில் ஒருவராக மறையக்கூடியவர் இருபது பேரில் ஒருவராக மறைய முடியாது. கூட்டம் சிறியதாக ஆக, பெயர் நீக்கம் தரும் பாதுகாப்பும் சிறுத்துவிடும்.

மெட்ரிக் என்ற பள்ளி இறுதித் தேர்வின் முடிவு வழக்கு பலருக்கு நினைவிருக்கும். பெயர் இல்லாமல் தேர்வு எண்ணை மட்டும் பத்திரிகைகளில் வெளியிடலாம் என்று 2022 ஜனவரியில் பிரிட்டோரியா உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகும் சர்ச்சை ஓயவில்லை. தேர்வு எண்கள் வரிசையாகக் கொடுக்கப்படுபவை. பக்கத்து இருக்கை மாணவருக்கு இவர் எண் தெரியும் என்பது எதிர்த்தரப்பு வாதம். ஏஐ பயிற்சித் தரவில் எழுவதும் இதே கேள்விதான்: யாரிடமிருந்து மறைக்கிறோம்? அந்நியரிடமிருந்தா, தெரிந்தவரிடமிருந்தா?

போப்பியா என்ன சொல்கிறது

போப்பியா என்று எல்லாரும் அழைக்கும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2013ஆம் ஆண்டின் 4ஆம் எண் சட்டம். அதன் பெரும்பகுதி 2020 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தது. ஓராண்டு அவகாசத்துக்குப் பின் 2021 ஜூலை 1 முதல் அதைப் பின்பற்றியே ஆக வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்கான கொள்கைச் சட்டகம் ஒன்றை 2024இல் அரசு வெளியிட்டது என்றாலும், பயிற்சித் தரவு விஷயத்தில் இன்று கையில் இருக்கும் கருவி போப்பியாதான்.

தனிநபர் தகவல் என்பதற்கு அது தரும் வரையறை அகலமானது. அடையாள எண், தொலைபேசி எண், முகவரி, மருத்துவ வரலாறு மட்டும் இல்லை. ஒருவருடைய கருத்துகள், தனிப்பட்ட கடிதப் போக்குவரத்து, அவரைப் பற்றி இன்னொருவர் சொன்ன கருத்து, அவர் பேசும் மொழி எல்லாமே அதில் அடங்கும்.

சம்மதத்துக்கான வரையறையில் மூன்று சொற்களைக் கவனிக்க வேண்டும்: தானாக முன்வந்து, குறிப்பிட்டு, விவரம் அறிந்து. எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே ஒரு டிக் போட வைப்பது குறிப்பிட்ட சம்மதம் ஆகாது. சம்மதம் வாங்கியதாக நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையது. எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பெறலாம்.

இதுவரை படித்தவர், அப்படியானால் என் சம்மதம் இல்லாமல் யாரும் என் பதிவை எடுக்க முடியாதே என்று எண்ணுவார். இங்கேதான் பெரும்பாலானோர் வழி தவறுகிறார்கள். சட்டத்தின் 11ஆம் பிரிவு தகவலைக் கையாள ஆறு காரணங்களை அனுமதிக்கிறது:

1. சம்பந்தப்பட்டவரின் சம்மதம்.
2. அவரோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை நிறைவேற்றுவது.
3. சட்டம் விதித்த கடமை.
4. அவருடைய நியாயமான நலனைக் காப்பது.
5. பொது அமைப்பு ஒன்றின் சட்டக் கடமை.
6. நிறுவனத்தின் அல்லது மூன்றாம் தரப்பின் நியாயமான நலனைத் தொடர்வது.

சம்மதம் ஆறில் ஒன்று, அவ்வளவுதான். பொதுவில் கிடக்கும் பதிவுகளை எடுத்துப் பயிற்றுவிக்கும் நிறுவனங்கள் பெரும்பாலும் சம்மதம் கேட்பதே இல்லை. நியாயமான நலன் என்ற காரணத்தின் மேல் நிற்கின்றன. ஐரோப்பாவில் மெட்டா வெளிப்படையாகச் சொன்ன காரணமும் அதுவே. கேட்காத சம்மதத்தை எப்படித் திரும்பப் பெறுவது? பகிர்ந்து ஒட்டும் அறிவிப்புகள் வெற்றாகப் போவதற்கு ஆழமான காரணம் இது.

இருக்கும் கதவின் பெயர் ஆட்சேபம். மேலே உள்ள 4, 5, 6ஆம் காரணங்களில் எதை வைத்துத் தகவலைக் கையாண்டாலும், தன் நிலைமைக்கு ஏற்ற நியாயமான காரணம் காட்டி யாரும் எப்போதும் ஆட்சேபிக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. முறைப்படி ஆட்சேபம் வந்த பிறகு நிறுவனம் அந்தத் தகவலைத் தொடர்ந்து கையாளக் கூடாது. சம்மதம் அவர்கள் கேட்டால்தான் நாம் தர முடியும். ஆட்சேபத்தை அவர்கள் கேட்காமலே நாம் தரலாம்.

ஆனால் அப்போதும் சாம்பாரும் உப்பும் நினைவில் இருக்கட்டும். பயிற்சிக்கு முன் வந்த ஆட்சேபம் பதிவை வெளியே நிறுத்தும். பயிற்சி முடிந்த பின் வந்தது அடுத்த பதிப்புக்குத்தான் உதவும்.

பொதுவில் போட்டது பொதுச்சொத்தா

இல்லை. தகவலைச் சம்பந்தப்பட்டவரிடமிருந்தே நேரடியாகத் திரட்ட வேண்டும் என்பது 12ஆம் பிரிவின் விதி. அவரே வேண்டுமென்று பகிரங்கப்படுத்திய தகவலுக்கு அதில் விலக்கு உண்டு. அதனால் சட்டம் முழுவதும் விலகிவிடாது. சட்டபூர்வமான காரணம் வேண்டும், நோக்கம் தெளிவாக இருக்க வேண்டும், பாதுகாப்பு வேண்டும் என்ற மற்ற நிபந்தனைகள் அப்படியே நிற்கும்.

அவரே என்ற சொல்லை அழுத்திப் படிக்க வேண்டும். தைப்பூசத்தன்று நீங்கள் காவடி எடுக்கும் படத்தைச் சித்தி தன் ஃபேஸ்புக்கில் எல்லாரும் பார்க்கும்படி போட்டால், பகிரங்கப்படுத்தியவர் சித்தி, நீங்கள் அல்ல. அந்தப் படத்தைச் சற்று நெருங்கிப் பாருங்கள். தோளில் மயிலிறகு வைத்த காவடி, நாக்கில் குத்திய அலகு, நெற்றியில் திருநீறு. பக்கத்தில் பால்குடம் தூக்கிய பத்து வயதுப் பெண். பின்னால் கோயில் பெயர்ப்பலகை. கீழே ஆறு பேரைப் பெயர் சொல்லி இணைத்திருக்கும் வரி. ஒரே படத்தில் மதம், இனம், முகம், குழந்தை, இடம், உறவுமுறை எல்லாம் இருக்கின்றன.

இவற்றில் மதமும் இனமும் 26ஆம் பிரிவு சிறப்புத் தகவல் என்று தனியே பாதுகாப்பவை. உடல்நலம், அரசியல் சார்பு, தொழிற்சங்க உறுப்பினர் நிலை, கைரேகை போன்ற உயிர்அளவை அடையாளம் முதலியவையும் அந்தப் பட்டியலில் உண்டு. பொதுவிதி தடை, அனுமதி விதிவிலக்கு. 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் தகவலுக்கு இன்னும் கடுமையான தடை: பெற்றோர் போன்ற தகுதியுள்ளவரின் முன்சம்மதமோ சட்டம் சொல்லும் வேறு சில காரணங்களோ வேண்டும். இது ஏட்டுக் கவலை அல்ல. 2024 ஜூனில் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு, ஏஐ பயிற்சிக்குப் பயன்படும் லயான்-5பி என்ற படத் தரவுத்தொகுப்பின் மிகச் சிறு பகுதியை மட்டும் சோதித்து, பிரேசில் குழந்தைகளின் படங்கள் குறைந்தது 170 இருப்பதைக் கண்டது. பல, குடும்பத்தார் அன்போடு இணையத்தில் போட்ட படங்கள்.

நம் பெயர்களும் தனியே கவனிக்கத்தக்கவை. கோவெண்டர், பிள்ளை, நாயுடு, மூட்லி, படையாச்சி என்று வரும் குடும்பப் பெயர் தென்னாப்பிரிக்காவில் இன அடையாளத்தைச் சொல்லிவிடும். சில சமயம் சாதியையும் மூதாதையர் மொழியையும் கூட. பெயரிலிருந்து இனத்தை ஊகிக்கும் மாதிரி, 26ஆம் பிரிவு பாதுகாக்கும் தகவலை யாரும் எழுதித் தராமலே உருவாக்கிக்கொள்கிறது. பிறகு அதே மாதிரி கடன் விண்ணப்பத்தையோ வேலை விண்ணப்பத்தையோ தரம் பிரித்தால் 71ஆம் பிரிவு குறுக்கே வரும்: ஆளுக்குப் பெரிய பாதிப்பு உண்டாக்கும் முடிவை, அவரைப் பற்றித் தானியங்கியாக உருவாக்கிய சித்திரத்தை மட்டும் வைத்து எடுக்கக் கூடாது.

குரல்

தமிழ் பேசும் மூத்தோர் குறைந்துவரும் நாட்டில், ஆயாவின் பேச்சைப் பதிவு செய்து வைக்க வேண்டும் என்ற தவிப்பு நல்லது; செய்யவும் வேண்டும். ஆனால் குரல் அடையாளத்தை உயிர்அளவைத் தகவலாகச் சட்டம் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. பதிவை எங்கே கொடுக்கிறோம் என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். மொஸில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்தில் தமிழும் உண்டு. அங்கே தரப்படும் குரல் பொதுக்களத்துக்கு விட்டுக்கொடுக்கப்படுகிறது. பிறகு யார் வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். மொழிக்காக விரும்பித் தருபவருக்கு அது சரியான இடம். ஆயாவிடம் கேட்கும்போது, பேரன் கேட்பதற்காகவா, ஊர் உலகம் முழுவதும் இயந்திரத்தைப் பயிற்றுவிப்பதற்காகவா என்று தமிழில், அவருக்குப் புரியும்படி சொல்லிக் கேட்டால்தான் விவரம் அறிந்த சம்மதம்.

கப்பல் பட்டியல்கள்

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பல் டர்பன் வந்தது முதல் 1911 வரை 1,52,184 ஒப்பந்தக் கூலிகள் நேட்டாலுக்கு வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு காலனி எண். அதன் எதிரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு. தம் வேர்களைத் தேடும் குடும்பங்களுக்கு இந்தப் பட்டியல்கள் பொக்கிஷம், மின்வடிவிலும் கிடைக்கின்றன. போப்பியா உயிருள்ளவரின் தகவலைத்தான் காக்கிறது. எனவே அந்த வரிகளை ஏஐ எடுப்பதற்கு இந்தச் சட்டத்தில் தடை இல்லை. சிக்கல் அடுத்த படியில் வருகிறது. ஒரு பேத்தி தன் பெயர், பிறந்த தேதி, தற்போதைய முகவரியோடு கொள்ளுத்தாத்தாவின் காலனி எண்ணையும் சேர்த்துப் பொதுவில் எழுதினால், 1880களின் சாதிக் குறிப்பு இன்று உயிரோடிருக்கும் ஒருவரின் தகவலாகிவிடுகிறது. குடும்ப மரத்தைப் பகிரும்போது உயிரோடிருப்பவர்களின் கிளையைத் தனியாக, மூடிய குழுவில் வைத்திருப்பது நல்லது. தம்மால் படிக்க முடியாத ஒப்பந்தத்தில் கைநாட்டு வைத்தவர்களின் வழிவந்த சமூகம் நாம்; சம்மதம் என்ற சொல்லை எளிதாகக் கடந்துபோக நமக்கு மனம் வரக் கூடாது.

வெளிநாட்டு நிறுவனத்தைச் சட்டம் எட்டுமா

நிறுவனம் இந்நாட்டில் நிலைகொண்டிருந்தால் போப்பியா நேரடியாகப் பிடிக்கும். வெளியில் இருந்தால், இந்நாட்டில் உள்ள வழிவகைகளைப் பயன்படுத்தித் தகவலைக் கையாண்டால் மட்டுமே பிடிக்கும். வெளிநாட்டுச் சர்வரில் கிடக்கும் பதிவை வெளிநாட்டு நிரல் நகலெடுப்பது இதில் சேருமா என்று வாதிட இடம் இருக்கிறது. நிறுவனங்கள் அந்த இடத்தைப் பயன்படுத்தவும் செய்யும்.

எனினும் சட்ட வாசகத்தைவிட ஆணையங்கள் காட்டும் உறுதிதான் நடைமுறையில் வித்தியாசம் செய்திருக்கிறது. அயர்லாந்தின் தரவு ஆணையம் கேட்டுக்கொண்டதால் 2024 ஜூனில் ஐரோப்பியப் பயிற்சித் திட்டத்தை மெட்டா நிறுத்திவைத்தது. 2025 மே மாத இறுதியில்தான் மீண்டும் தொடங்கியது, அதுவும் பயனருக்கு ஆட்சேபப் படிவம் கொடுத்த பிறகு. 2024 ஜூலையில் பிரேசிலின் ஆணையம் அதே பயிற்சிக்குத் தடை போட்டு, மீறினால் நாளுக்கு 50,000 பிரேசில் ரியல் அபராதம் என்றது. மெட்டா அறிவிப்பும் ஆட்சேப வழியும் தர ஒப்புக்கொண்ட பின் ஆகஸ்ட் இறுதியில் தடை நீங்கியது. பிரேசில் ஐரோப்பிய ஒன்றியம் அல்ல. தென்னாப்பிரிக்காவால் முடியாதது எதையும் அது செய்யவில்லை. இங்கே உள்ள தகவல் ஒழுங்குமுறை ஆணையம் ஒரு கோடி ராண்ட் வரை அபராதம் விதிக்கலாம். 2023 ஜூலையில் நீதித் துறைக்கே 50 லட்சம் ராண்ட் விதித்தது. ஆணையம் தானாகவும் விசாரணை தொடங்கலாம். புகார்கள் வந்தால் அதற்கு வலு சேரும்.

செய்ய வேண்டியவை

தனிநபர்களுக்கு:

1. சாட்ஜிபிடியில் செட்டிங்ஸ், அதற்குள் டேட்டா கன்ட்ரோல்ஸ். மாதிரியை எல்லாருக்காகவும் மேம்படுத்துவது என்ற பொத்தானை அணையுங்கள். அணைத்த பிறகும் ஒரு பதிலுக்குக் கட்டைவிரல் குறி போட்டால் அந்த உரையாடல் முழுவதும் பயிற்சிக்குப் போகலாம். பலர் சறுக்குவது இங்கேதான்.

2. ஜெமினியில் செயல்பாட்டுப் பதிவை அணைக்கலாம். அது திறந்திருக்கும்போது மனித மதிப்பீட்டாளர் பார்த்த உரையாடல்கள் கணக்கிலிருந்து பிரிக்கப்பட்டு 3 ஆண்டு வரை இருக்கும். நீங்கள் வரலாற்றை அழித்தாலும் அவை அழியாது.

3. லிங்க்ட்இன்னில் டேட்டா பிரைவசி பகுதியில் ஜெனரேட்டிவ் ஏஐ மேம்பாட்டுக்கான பொத்தான் 2024இல் வந்தது. நாமாகப் போய் அணைக்காவிட்டால் திறந்தே இருக்கும்.

4. வாட்ஸ்அப்பில் இருவருக்கிடையே போகும் செய்தி பூட்டப்பட்டது. மெட்டா அதைப் படிக்க முடியாது. ஆனால் மெட்டா ஏஐயைக் கூப்பிட்டுக் கேட்கும் கேள்வி அந்தப் பூட்டுக்குள் இல்லை. குழுவில் அட்வான்ஸ்ட் சாட் பிரைவசியைத் திறந்தால் உரையாடலை மொத்தமாக ஏற்றுமதி செய்வதும், செய்திகளை ஏஐ வசதிகளுக்குப் பயன்படுத்துவதும் தடைபடும். ஸ்க்ரீன்ஷாட்டை அது தடுக்காது.

5. அடையாள எண், வங்கிக் கணக்கு, மருத்துவ அறிக்கை ஆகியவற்றை எந்த ஏஐயிடமும் அப்படியே ஒட்டாதீர்கள். அறிக்கையைப் புரிந்துகொள்ள உதவி வேண்டுமானால் மேற்பகுதியையும் எண்களையும் மறைத்துவிட்டு, புரியாத பத்தியை மட்டும் கேளுங்கள்.

கோயில் கமிட்டிக்கும் சங்கத்துக்கும்:

குடும்பக் குழுவுக்குப் போப்பியாவில் விலக்கு உண்டு, கமிட்டிக்குக் கிடையாது. கமிட்டியின் தலைமைப் பொறுப்பில் இருப்பவரே தகவல் அலுவலர். அவரை ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். உறுப்பினரின் மதத் தகவலை மத அமைப்பு தன் வேலைக்காக வைத்துக்கொள்ள 28ஆம் பிரிவு அனுமதிக்கிறது. அதை மூன்றாம் தரப்புக்குக் கொடுக்க உறுப்பினரின் சம்மதம் வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. இப்போது அடிக்கடி நடக்கக்கூடிய தவறு இது: நன்கொடையாளர் பட்டியலை எக்செல் கோப்பாக இலவச ஏஐ ஒன்றில் ஏற்றி, ஒவ்வொருவருக்கும் நன்றிக் கடிதம் எழுதச் சொல்வது. நமக்காக மட்டும் வேலை செய்யும் சேவையென்றால் எழுத்து ஒப்பந்தத்தோடு அனுமதி உண்டு. ஏற்றிய கோப்பைத் தன் மாதிரியைப் பயிற்றுவிக்க எடுத்துக்கொள்ளும் சேவை நமக்காக மட்டும் வேலை செய்யவில்லை. அது மூன்றாம் தரப்பு. கடித வாசகத்தைப் பெயர்கள் இல்லாமல் எழுதி வாங்கி, பெயர்களைக் கமிட்டியின் கணினியிலேயே சேர்த்துக்கொண்டால் பிரச்சினையே எழாது.

திருவிழா நேரலை போடும் யூடியூப் சானலில், ஸ்டூடியோவின் மேம்பட்ட அமைப்புகளில், மூன்றாம் தரப்புப் பயிற்சி என்ற தெரிவு 2024 டிசம்பரில் வந்தது. அது மூடியே இருக்கும், யாரும் திறந்திருக்கிறார்களா என்று பாருங்கள். கூகுள் தானே பயன்படுத்துவதை அது நிறுத்தாது. இணையதளத்தில் ரோபோட்ஸ் கோப்பு வைத்து ஏஐ நிரல்களை வராதே எனலாம். அது பூட்டு அல்ல, அறிவிப்புப் பலகை, மதிப்பவை மதிக்கும். உறுப்பினர் பட்டியல், நன்கொடை ரசீது, கைபேசி எண்கள் கொண்ட பிடிஎஃப்களைப் பொதுத் தளத்திலிருந்து எடுத்துவிடுவதுதான் உறுதியான வழி.

ஆட்சேபம் அனுப்பும் முறை

1. நிறுவனத்தின் தகவல் அலுவலர் யார் என்று பாருங்கள். தகவல் பெறும் உரிமைச் சட்டப்படி நிறுவனங்கள் வெளியிட வேண்டிய கையேட்டில் அவர் தொடர்பு விவரம் இருக்கும்.

2. முதலில், என் தகவல் உங்களிடம் இருக்கிறதா என்று 23ஆம் பிரிவின்படி கேளுங்கள். இருக்கிறதா இல்லையா என்ற பதிலுக்குக் கட்டணம் கிடையாது.

3. பிறகு ஆட்சேபம். அதற்கு முதலாம் எண் படிவம் உள்ளது. 2025 ஏப்ரலில் திருத்தப்பட்ட விதிகளின்படி மின்னஞ்சல், வாட்ஸ்அப் போன்ற வழிகளிலும் கட்டணமின்றி அனுப்பலாம். எனக்குப் பிடிக்கவில்லை என்று மட்டும் எழுதினால் போதாது. நிலைமையைக் குறிப்பாகச் சொல்லுங்கள்: படத்தில் என் பத்து வயது மகள் இருக்கிறாள்; என் மதம் தெரிகிறது; இதைப் பகிரங்கப்படுத்தியது நான் அல்ல.

4. தகவலை அழிக்கக் கோருவது தனிக் கோரிக்கை. அது 24ஆம் பிரிவு, இரண்டாம் எண் படிவம். மூலப் பதிவை நீக்குவதையும், பயிற்சித் தொகுப்பிலிருந்து நீக்குவதையும் இரண்டு வரிகளாகப் பிரித்துக் கேளுங்கள். சேர்த்துக் கேட்டால் முதலாவதை மட்டும் செய்துவிட்டு முடிந்தது என்று பதில் வரக்கூடும்.

5. பதில் இல்லை, அல்லது மறுப்பு என்றால் ஐந்தாம் எண் படிவத்தில் ஆணையத்துக்குப் புகார். மேலே அனுப்பியவற்றின் நகல்களை இணையுங்கள்.

அனுப்பிய நாளையும் நேரத்தையும் காட்டும் சான்று கண்டிப்பாக வேண்டும். ஏற்கெனவே பயிற்சி முடிந்த மாதிரியைப் பற்றி வாதாடுவது கடினம். ஆனால் நிறுவனங்கள் சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு வெளியிடுகின்றன. உங்கள் ஆட்சேபம் போய்ச் சேர்ந்த தேதிக்குப் பிறகு பயிற்சி தொடங்கிய பதிப்பில் உங்கள் பதிவு இருந்தால், தெரியாமல் நடந்தது என்று அவர்கள் சொல்ல முடியாது.